மாலைக்கண் என்று வந்த பிள்ளை: பிஆர்பிஎஃப்31 மரபணுவும் ஒரு தோட்டக் குடும்பமும் – நிகழ்வு ஆய்வு

(இதில் வரும் குடும்பம் கற்பித்தலுக்காகக் கோத்து அமைத்தது. மரபணு, புரதம், பரிசோதனை, மருந்தளவு பற்றிய விவரங்கள் உள்ளவை உள்ளபடியே.)

பையனுக்கு வயது 17. ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் லயத்தில் குடியிருப்பு, உயர்தர வகுப்பு மாணவன். மூன்று வருடமாக இருட்டினால் பாதை தெரிவதில்லை. பின்னேர வகுப்பு முடிந்து ஆறரைக்கு பஸ்ஸால் இறங்கினால், லயத்துக்கு ஏறும் படிகளில் முன்னால் போகிறவரின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவான். இரண்டு தடவை கானில் விழுந்திருக்கிறான், ஒரு தடவை முழங்காலில் தையல். பகலில் குறையில்லை என்றுதான் சொன்னான். கிரிக்கெட்டில் எந்த இடத்தில் நிற்பாய் என்று கேட்டபோதுதான், பக்கத்தால் வரும் பந்து கண்ணில் படாததால் ஒரு வருடமாக விளையாடுவதில்லை என்பது வெளியே வந்தது.

தோட்ட டிஸ்பென்சரியில் இதை மாலைக்கண் என்று எடுத்து விட்டமின் ஏ கொடுத்தார்கள். முதல் நாள் 200,000 அலகு, மறுநாள் 200,000, இரண்டு கிழமை கழித்து இன்னொரு 200,000. இந்த வயதுப் பையனுக்கு அந்த அளவும் இடைவெளியும் சரியானவையே. முதலில் விட்டமின் குறையை நினைத்ததும் பிழையல்ல. பிழை அதற்கடுத்த அடியில்தான் நடந்தது: மாற்றம் எதுவும் இல்லாதபோது அதே மருந்தைத் திரும்பக் கொடுத்தார்கள். விட்டமின் ஏ குறையால் வந்த மாலைக்கண் மருந்துக்கு மிக விரைவாக இணங்கும். சில நாட்களிலேயே பிள்ளை “இப்ப தெரியுது” என்று சொல்லும். இரண்டு கிழமைக்குப் பிறகும் அப்படிச் சொல்லாவிட்டால் அது வேறு நோய். இந்தப் பையனின் வெள்ளைவிழியில் பிட்டோ புள்ளிகள் (விட்டமின் ஏ குறையில் தோன்றும் நுரை போன்ற வெண்திட்டுகள்) இல்லை, கண் வறட்சி இல்லை, நாட்பட்ட வயிற்றோட்டமோ மஞ்சள் காமாலையோ வந்ததில்லை. கரட் விளையும் நுவரெலியா மாவட்டத்தில் ஆறு மாதம் கரட் சாறு குடித்த பிள்ளைக்கு மறுபடியும் விட்டமின் எழுதியதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

கண்ணில் கண்டது

பார்வைக் கூர்மை இரண்டு கண்ணிலும் 6/9, ஏறக்குறைய இயல்பு. இந்த எண்தான் பலரையும் ஏமாற்றுகிறது. எழுத்துப் பலகையைப் படிப்பது விழித்திரையின் நடுப்புள்ளி. இந்த நோய் தொடங்குவது அங்கே அல்ல, நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட வளையத்தில். எதிரே உட்கார்ந்து விரல் அசைத்துப் பார்க்கும் எளிய சோதனையிலேயே பக்கவாட்டுப் பார்வை சுருங்கியிருப்பது தெரிந்தது. பார்வைப் பரப்பை அளக்கும் கோல்ட்மன் கருவியில் பார்த்தபோது நடுவில் ஏறக்குறைய 25 பாகை எஞ்சியிருந்தது, அதைச் சுற்றி குருட்டு வளையம், அதற்கும் வெளியே ஓரத்தில் பிறை போல ஒரு துண்டுப் பார்வை. கண்மணியை விரித்துப் பார்த்ததில் விழித்திரை நாடிகள் நூல் போல மெலிந்திருந்தன, நரம்புத் தட்டு மெழுகு நிறத்தில் வெளிறியிருந்தது, நடு வளையத்தில் எலும்பு முள் வடிவில் கரும்புள்ளிகள். விழித்திரை நிறமி அழற்சி என்று பெயர் வைக்க இதுவே போதும். பெயரில் அழற்சி இருந்தாலும் நோயில் அழற்சி இல்லை. ஒளிவாங்கிச் செல்கள் ஒவ்வொன்றாக மடிவதுதான் நோய்.

ஒளிக்கு விழித்திரை எழுப்பும் மின் அலையை அளக்கும் ஈஆர்ஜி பரிசோதனை இதை உறுதிப்படுத்தியது. இருட்டறையில் குறைந்தது 20 நிமிடம் வைத்த பிறகு 0.01 அளவு மங்கலான ஒளித்தெறிப்பு. இது மங்கல் ஒளியில் பார்க்க உதவும் கோல் செல்களை மட்டும் எழுப்பும். பதில் அலை எழவே இல்லை. 3.0 அளவுத் தெறிப்பில் மிகச் சிறிய அலை. பின்னர் 10 நிமிடம் வெளிச்சத்துக்குப் பழக்கி, வினாடிக்கு 30 தெறிப்புகள் கொடுத்து, பகல் வெளிச்சத்துக்கான கூம்புச் செல்களைப் பார்த்தபோது அலை குறைந்தும் பிந்தியும் வந்தது. கோல் முதலில், கூம்பு பின்னால் என்ற ஒழுங்கு இதில் தெளிவு. இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். கூட்டம் நிறைந்த கிளினிக்கில் நேரம் மிச்சப்படுத்த, முதலில் விழித்திரைப் படம் எடுத்துவிட்டு அந்தக் கையோடே ஈஆர்ஜி செய்வார்கள். படத்தின் பளிச்சொளி கோல் செல்களை வெளுக்கச் செய்துவிடும், நல்ல கண்ணும் கெட்ட கண்ணாகப் பதிவாகும். படம் எடுத்துவிட்டால் சாதாரண அறை வெளிச்சத்தில் அரை மணித்தியாலம் உட்கார வைத்த பிறகே இருட்டுக்குள் அனுப்ப வேண்டும். இந்த நோயாளியின் முடிவை அது மாற்றாது. ஆனால் கண் நன்றாக உள்ள தாயைச் சோதிக்கும்போது முழு முடிவும் அதில்தான் தங்கியிருக்கிறது.

காது கேட்பதில் குறையில்லை, கைகால் விரல்கள் எண்ணிக்கையில் சரி, உடல் எடை சரி, நடையில் தள்ளாட்டம் இல்லை. எனவே கண்ணோடு மற்ற உறுப்புகளையும் தாக்கும் அஷர், பார்டே-பீடல், ரெஃப்சம் போன்ற கூட்டு நோய்கள் பின்னுக்குப் போயின.

வம்சாவளி போட்ட மூன்று முடிச்சுகள்

தாய்க்கு 43 வயது, கொழுந்து பறிப்பவர். கண்ணில் குறையில்லை, இருட்டில் டோர்ச் இல்லாமலே இறங்கி ஏறுவார். தகப்பனும் அப்படியே. இருவரும் உறவு. தகப்பன், தாயின் தாய்மாமன் மகன். தாயின் அப்பா, அதாவது பையனின் தாத்தா, நாற்பதுகளில் பார்வை இழந்தவர். தொழிற்சாலையில் வேலை செய்ததால் நெருப்புச் சூடு கண்ணைக் கெடுத்தது என்று குடும்பத்தில் சொல்வார்கள்.

முதலில் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: சொந்தத்தில் கலியாணம், பெற்றோர் இருவருக்கும் நோயில்லை, ஆகவே இது ஒடுங்கு மரபு, அதாவது இரண்டு பிரதியும் பழுதானால்தான் வரும் நோய். மலையகத்தில் இந்த முடிவு கைரேகை போல ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் ஒரு கேள்வி கேட்டாலே அது ஆட்டம் காணும். உறவு எந்தப் பக்கத்தால்? நோய் எந்தப் பக்கத்தால்? இந்தப் பெற்றோரின் உறவு பாட்டியின் வழி. நோய் இருந்தது தாத்தாவுக்கு. இரண்டும் வேறு வேறு இரத்தம். தாத்தாவின் நோய்க்கும் இந்தக் கலியாணத்துக்கும் தொடர்பு சொல்ல வேண்டுமென்றால், பாட்டியின் குடும்பத்திலும் அதே மரபணுவில் தற்செயலாக இன்னொரு பழுது இருந்தது என்று வைத்தாக வேண்டும்.

இரண்டாவது ஊகம் இன்னும் கவர்ச்சியானது. நோயுற்ற தாத்தா, நோயில்லாத மகள், நோயுற்ற பேரன். பாடநூலில் எக்ஸ் நிறமூர்த்த மரபுக்கு வரையும் படமே இது. எக்ஸில் உள்ள ஆர்பிஜிஆர் மரபணுவைத் தேட வேண்டிய வடிவம்.

மூன்றாவது, சரியான முடிச்சு அவிழ்ந்தது மாமாவால். தாய்க்கு 49 வயதில் ஒரு அண்ணன், கவ்வாத்துக்காரர். அவருக்குக் கண் எப்படி என்று கேட்டபோது தாய் உடனே சொன்னார்: “அவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு ஐயா. சாயங்காலம் குடிச்சிட்டு வந்து வழியில விழுவாரு, அவ்வளவுதான்.” எந்தெந்த நாள் குடிப்பார் என்று கேட்டால், சம்பள நாளும் திருவிழாவும் மட்டும்தான். விழுவதோ கிழமையில் நாலு நாள். மாமாவை வரவழைத்துப் பார்த்ததில் விழித்திரையில் அதே கரும்புள்ளிகள், எஞ்சிய பார்வை 10 பாகைக்குள், கூடவே இரண்டு கண்ணிலும் வில்லையின் பின்பக்கப் புரை. இருபது வருடமாகக் குடிகாரன் என்ற பெயரைச் சுமந்திருக்கிறார்.

ஆக, தாத்தாவிடமிருந்து அவர் மகனான மாமாவுக்கு நோய் போயிருக்கிறது. தகப்பன் மகனுக்குக் கொடுப்பது வை நிறமூர்த்தம், எக்ஸ் அல்ல. ஆகவே எக்ஸ் வழி மரபு அங்கேயே முடிந்தது. மிஞ்சியது ஆட்சி மரபு: ஒரு பிரதி பழுதானாலே போதும். ஆனால் நடுவில் தாய் மட்டும் ஏன் தப்பினார்? ஆட்சி மரபில் வந்து, சிலரைத் தொடாமல் தாண்டிப் போகும் விழித்திரை நிறமி நோய் என்றவுடன் முதலில் நினைவுக்கு வர வேண்டிய பெயர் பிஆர்பிஎஃப்31.

புரதம் செய்யும் வேலை

பிஆர்பிஎஃப்31 மரபணு 19ஆம் நிறமூர்த்தத்தின் நீண்ட கையில், 19கியூ13.42 என்ற இடத்தில் உள்ளது. ஆர்பி11 என்று முன்பு குறிக்கப்பட்ட நோயின் காரணம் இதுவே என்று 2001இல் கண்டறிந்தார்கள். 14 எக்ஸான்கள், அதாவது வெட்டி ஒட்டிய பிறகு எஞ்சும் துண்டுகள். அவற்றில் முதலாவது புரதத்துக்கான குறியீடு இல்லாதது. விளையும் புரதத்தில் 499 அமினோ அமிலங்கள்.

மரபணுவிலிருந்து படியெடுத்த முதல் ஆர்என்ஏயில் தேவையற்ற துண்டுகளான இன்ட்ரான்கள் நிறைய இருக்கும். அவற்றை வெட்டி எறிந்து எக்ஸான்களை ஒட்டினால்தான் தூது ஆர்என்ஏ உருவாகும். அந்த வெட்டி ஒட்டும் இயந்திரம் ஸ்ப்லைசோசோம். அதன் உறுப்புகள் யூ1, யூ2, யூ4, யூ5, யூ6 என்ற சிறு ஆர்என்ஏக்களும் அவற்றோடு ஒட்டிய புரதங்களும். யூ1 இன்ட்ரானின் தலையை அடையாளம் காணும், யூ2 கிளைப்புள்ளியைப் பிடிக்கும். அதன் பிறகு யூ4, யூ5, யூ6 மூன்றும் ஒரே கட்டாக வந்து சேர வேண்டும். தனித்தனியாக வந்தால் வேலை நடக்காது.

அந்தக் கட்டைக் கட்டுவதில்தான் பிஆர்பிஎஃப்31 தேவைப்படுகிறது. யூ4 ஆர்என்ஏயின் ஒரு கொண்டை ஊசி வளைவில் முதலில் 15.5கே என்ற சிறு புரதம் உட்காரும். இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் பள்ளத்தில் பிஆர்பிஎஃப்31 வந்து பொருந்தும். அதன் மறுபக்கம், யூ5இல் இருக்கும் பிஆர்பிஎஃப்6 புரதத்தைப் பற்றும். இப்படி யூ4/யூ6 இணையும் யூ5உம் ஒன்றாகின்றன. ஆய்வுகூடத்தில் செல்களில் பிஆர்பிஎஃப்31ஐக் குறைத்தால் யூ4/யூ6 இணைகள் யூ5 கிடைக்காமல் கஹால் உடல்கள் எனப்படும் உட்கருப் புள்ளிகளில் குவிந்து கிடக்கும். கொழுந்துக் கூடைகள் எல்லாம் நிறுவைக் கொட்டகையில் அடுக்கிக் கிடக்க, ஏற்றிப்போக லொறி வராத நிலை.

உடலில் உட்கரு உள்ள எல்லாச் செல்லுக்கும் இந்த இயந்திரம் வேண்டும். பிறகு ஏன் கண் மட்டும்? இதே கட்டில் உள்ள பிஆர்பிஎஃப்3, பிஆர்பிஎஃப்4, பிஆர்பிஎஃப்6, பிஆர்பிஎஃப்8, எஸ்என்ஆர்என்பி200 ஆகியவற்றின் பழுதுகளும் இதே விழித்திரை நோயைத்தான் தருகின்றன என்பது தற்செயலாக இருக்க முடியாது. ஒளிவாங்கிச் செல் தன் வெளிமுனைத் தட்டுகளில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கை நாள்தோறும் உதிர்த்துப் புதிதாகக் கட்டுகிறது. அதற்குத் தூது ஆர்என்ஏ ஓயாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். உதிர்ந்ததை விழுங்கித் தீர்ப்பது அடுத்திருக்கும் நிறமிப் படலம். நோயாளிகளின் தோல் செல்லிலிருந்து விழித்திரைச் செல் வளர்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், அந்த நிறமிப் படலச் செல்களில் வெட்டி ஒட்டும் வேலை குழம்பியிருந்தது, செல்லின் சிறு மயிரிழைகள் குட்டையாயிருந்தன, விழுங்கும் திறன் குறைந்திருந்தது. அதிகம் வேலை வாங்கும் இடத்தில் பாதிச் சம்பளத்துக்கு ஆள் போட்டால் முதலில் படுப்பது அந்த இடம்தான்.

பரிசோதனையில் தவறியது

இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் 4 மில்லிலீட்டர் இரத்தம். உறைய வைக்காமல், குளிர்ப்பெட்டியில் கொழும்புக்கு. முதலில் செய்தது விழித்திரை மரபணுத் தொகுதி வரிசையாக்கம். முடிவு: காரணமான மாற்றம் எதுவும் இல்லை. குடும்பம் அதோடு விட்டுவிட இருந்தது.

வரிசையாக்கம் எழுத்துப் பிழையைத் தேடும். பக்கமே கிழிந்து போயிருந்தால் அதற்குத் தெரியாது. ஏனென்றால் மற்றப் பிரதியில் அந்தப் பக்கம் முழுதாக இருக்கிறது, வாசிப்பு முழுவதும் அதிலிருந்து வரும், ஒவ்வொரு எழுத்தும் சரியாகவே இருக்கும். குறைவது வாசிப்பின் எண்ணிக்கை மட்டும், ஏறக்குறையப் பாதியாக. இன்னொரு குறிப்பும் உண்டு: அந்த நீளம் முழுவதும் இரண்டு பிரதிக்கும் இடையே எழுத்து வேறுபாடு ஒன்றுகூடத் தெரியாது. பிஆர்பிஎஃப்31இல் பெரிய நீக்கங்கள் அரிதல்ல என்பதால், வம்சாவளி இந்த மரபணுவை நோக்கிக் கைகாட்டினால் வெற்று அறிக்கையை ஏற்கக் கூடாது. எம்எல்பிஏ என்ற பிரதி எண்ணும் சோதனையைக் கேட்க வேண்டும்.

எம்எல்பிஏ ஒவ்வொரு எக்ஸானும் எத்தனை பிரதி என்று எண்ணும். விகிதம் 0.8 முதல் 1.2 வரை இருந்தால் இரண்டு பிரதி. 0.4 முதல் 0.65 வரை என்றால் ஒன்று. பையனுக்குத் தொடக்கப் பகுதியிலிருந்து எக்ஸான் 5 வரை தொடர்ந்து 0.5 அண்டி வந்தது, எக்ஸான் 6இலிருந்து 1.0. ஒரே ஒரு எக்ஸான் மட்டும் குறைந்து காட்டினால் அவசரப்படக் கூடாது. சோதனை ஒட்டும் இடத்தில் ஒரு சாதாரண எழுத்து வேறுபாடு இருந்தாலும் விகிதம் இறங்கும், உப்புக் கலந்த அசுத்த டிஎன்ஏயும் எண்களைக் குழப்பும். அடுத்தடுத்து ஐந்து எக்ஸான் சேர்ந்து இறங்கியிருப்பதால் இதில் ஐயமில்லை. மாமாவுக்கும் அதே நீக்கம். தாய்க்கும் அதே நீக்கம்.

தாயின் ஈஆர்ஜி, பளிச்சொளி படாமல் செய்தது, இயல்பு எல்லைக்குள் இருந்தது.

தாய் தப்பியது எப்படி, மகன் ஏன் தப்பவில்லை

இந்த நோயில் பழுதான பிரதி நஞ்சல்ல, வெறும் இழப்பு. பெரும்பாலான பழுதுகளில் பிறழ்ந்த தூது ஆர்என்ஏயைச் செல்லே அழித்துவிடும். இந்தக் குடும்பத்தில் தொடக்கப் பகுதியே இல்லாததால் படியெடுப்பே இல்லை. ஆகவே எல்லாம் நல்ல பிரதி எவ்வளவு சுரக்கிறது என்பதில் நிற்கிறது. நல்ல பிரதிகள் எல்லாம் சமமானவை அல்ல. சில கூடுதலாகச் சுரக்கும், சில குறைவாக. மரபணுவின் தொடக்கப் பகுதிக்கு அருகே எம்எஸ்ஆர்1 என்ற திரும்பத் திரும்ப வரும் சிறு வரிசை உண்டு. அது மூன்று தடவை வரும் பிரதியை விட நான்கு தடவை வரும் பிரதி நோயிலிருந்து காப்பதாகக் கண்டிருக்கிறார்கள். அதே நிறமூர்த்தப் பகுதியில் சிநாட்3 என்ற மரபணு பிஆர்பிஎஃப்31இன் சுரப்பை அடக்கும். அது குறைவாக இருப்பவருக்கு நன்மை.

தாய்க்குத் தாத்தாவிடமிருந்து நீக்கம் வந்தது. பாட்டியிடமிருந்து வலுவான பிரதி வந்தது. அது ஒற்றைக் காளையாக வண்டி இழுக்கிறது. மாமாவுக்கும் நீக்கம் வந்தது, ஆனால் பாட்டியின் மற்றப் பிரதி, வலுக் குறைந்தது, சேர்ந்து வந்தது. ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் குருடாகி ஒருவர் தப்புவது இப்படித்தான்.

இப்போது பையன். தாய் ஒரு பிள்ளைக்குக் கொடுப்பது தன் இரண்டில் ஒன்று. நீக்கத்தைக் கொடுத்தால் வலுவான பிரதியைக் கொடுக்க முடியாது. இரண்டும் ஒரே இடத்தில் எதிரெதிராக இருப்பவை. தாயைக் காத்த அதே பிரதி, நோய் வரவிருக்கும் பிள்ளைக்குப் போகவே போகாது. நீக்கம் வந்த பிள்ளையைக் காக்க வேண்டியது தகப்பனின் பிரதி. இந்தப் பையனுக்கு அது போதவில்லை. கவனிக்க வேண்டியது: தகப்பன் பாட்டியின் அண்ணன் மகன். பாட்டி வீட்டின் வலுவான பிரதி அவரிடமும் இருந்து, அது பையனுக்கு வந்திருந்தால், குற்றவாளியாக எல்லோரும் காட்டிய அந்தச் சொந்தக் கலியாணமே அவனைக் காப்பாற்றியிருக்கும்.

குடும்பத்துக்குச் சொன்னது

“அசலில் (உறவுக்கு வெளியே) கட்டினால் பயமில்லை” என்று முன்பு ஒரு இடத்தில் சொல்லியிருந்தார்கள். அதைத் திருத்துவதே முதல் வேலையாயிற்று. யாரைக் கட்டினாலும் இந்தப் பையனின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நீக்கம் போக 50 வீத வாய்ப்பு. போன பிள்ளைக்கு நோய் வெளிப்படுமா என்பது அவன் மனைவியின் பிரதியைப் பொறுத்தது. சுரப்பின் அளவை இரத்தத்தில் பார்த்து முன்கூட்டிச் சொல்வது ஆய்வு நிலையில் உள்ளது. கிளினிக்கில் அதை நம்பி வாக்குக் கொடுக்கக் கூடாது.

14 வயதுத் தங்கைக்கு இப்போது குறை ஏதும் இல்லை. அவளுக்கு மரபணுச் சோதனை செய்யவில்லை. வருடம் ஒருமுறை கண் பார்வைப் பரப்பும் விழித்திரையும் பார்க்க ஏற்பாடு. மரபணு முடிவை அறிவதா வேண்டாமா என்பதை வளர்ந்த பிறகு அவளே தீர்மானிக்கட்டும். இதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சிகிச்சை எதையும் மாற்றாத ஒரு முடிவு, தோட்டத்தில் பெண்பிள்ளையின் கலியாணப் பேச்சுக்குள் எப்படிப் புகும் என்று தெரிந்தவர்கள் அவசரப்பட மாட்டார்கள்.

குணப்படுத்தும் மருந்து இன்று இல்லை. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற விழித்திரை மரபணுச் சிகிச்சை ஆர்பிஇ65 பழுதுக்கு மட்டும், இதற்கு உதவாது. சிநாட்3ஐ அடக்கி நல்ல பிரதியைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும் ஆன்டிசென்ஸ் மருந்து (ஆர்என்ஏயில் ஒட்டி அதன் வேலையைத் தடுக்கும் வகை) மனிதர்களில் பரிசோதனைக் கட்டத்தில் இருக்கிறது. அப்படியொன்று கைக்கு வரும் நாளில் பெயரோடு நிரூபித்த மரபணு அறிக்கை உள்ளவர்களுக்கே இடம் கிடைக்கும் என்பதால், எம்எல்பிஏ அறிக்கையைக் கிளினிக் அட்டையோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கச் சொன்னது. நாளொன்றுக்கு 15,000 அலகு விட்டமின் ஏ என்ற பழைய முறையைத் தொடங்கவில்லை. அதன் பலன் மறு ஆய்வில் நிற்கவில்லை, ஈரலுக்குக் கெடுதி உண்டு. வீட்டில் அந்தப் புட்டி கிடந்தால் கருவுற்ற பெண் யாராவது எடுத்துவிடும் ஆபத்தும் உண்டு, அது கருவைச் சிதைக்கும்.

செய்யக்கூடியவை சின்னவை, ஆனால் உதவும். விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி படத்தில் நடுப்புள்ளியில் நீர்க்கட்டு உண்டா என்று வருடந்தோறும் பார்ப்பது. வந்தால் டோர்சோலமைட் 2 வீதச் சொட்டு, நாளுக்கு மூன்று வேளை. மாமாவுக்குப் புரை அறுவை, எஞ்சிய 10 பாகையாவது தெளிவாகும் என்று முன்கூட்டியே சொல்லி. கவ்வாத்துக் கத்தியோடு சரிவில் நிற்பதை விட்டுக் கொட்டகை வேலைக்கு மாற ஒரு வைத்தியக் கடிதம். பையன் உயர்தரம் முடித்துத் திரீவீல் ஓட்டப் பழகவிருந்தான். அது கூடாது என்பதை அன்றே, பூசி மெழுகாமல் சொல்ல வேண்டியிருந்தது. பகலில் ஓட்ட முடிந்தாலும், பக்கத்தால் குறுக்கே வரும் பிள்ளை அவன் கண்ணில் படாது. நெற்றியில் கட்டும் டோர்ச், படிகளின் விளிம்பில் வெள்ளைப் பெயின்ட், கான் மேல் பலகை.

தாயின் தங்கை ஒருவரை மஸ்கெலியாப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. 36 வயது, இரண்டு பிள்ளைகள், கண்ணில் குறையில்லை. அவருக்கு அனுப்பிய கடிதத்தில் மூன்று வரி: உங்கள் கண் நன்றாக இருப்பதால் நீக்கம் இல்லை என்று ஆகாது. அக்காவுக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. பிள்ளைகள் மாலையில் தடுமாறினால் விட்டமினுக்குக் காத்திராமல் கண் கிளினிக்குக்கு இந்தக் கடிதத்தோடு வாருங்கள்.